மூட்டுவலி, காய்ச்சல், முகத்தில் சிவப்பு: லூபஸா, தொழுநோயா? டாக்டர்களே குழம்புவது ஏன்?

விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ம் தேதி முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே இருக்கும் இந்த மீனவ ஊர் இன்று வேலை தேடி வருகிறவர்களின் ஊரும்கூட. கேரளாவின் கட்டுமானத் தளங்களில் பிகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வருபவர்கள் ஏராளம். அங்கெல்லாம் தொழுநோய் இன்னும் அதிகம், கேரளாவில் குறைவு.

குறைவு என்பது நல்ல செய்திதான். ஆனால், அபூர்வமாகிவிட்ட நோய் டாக்டரின் நினைவுக்குச் சட்டென்று வராது. மூட்டுவலி, காய்ச்சல், தோல் தடிப்பு என்று ஒருவர் போனால், முதலில் மனதில் வருவது லூபஸ் அல்லது முடக்குவாதம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தொழுநோய் ஒழிந்துவிட்டதுதானே?

இல்லை. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது. அதைத்தான் பலர் ‘ஒழிப்பு’ என்று புரிந்துகொண்டார்கள். 2023-ல் உலகில் பதிவான 1,82,815 புதிய நோயாளிகளில் 1,07,851 பேர் இந்தியர்கள். கிருமி உடலில் நுழைந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். 20 ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால் இப்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏன் குழப்பம் வருது?

லூபஸ் என்பது நோய் எதிர்ப்பு சக்தி நம் உடலையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய். தொழுநோய் ஒரு பாக்டீரியா தொற்று. காரணம் வேறு, ஆனால் வெளியே தெரிவது ஒன்றுபோல இருக்கலாம். கிருமி அதிகமுள்ள தொழுநோயாளிகள் சிலருக்கு ‘ரியாக்‌ஷன்’ வரும்: காய்ச்சல், மூட்டு வீக்கம், தோலில் வலிக்கும் சிவப்பு முடிச்சுகள்.

ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றலாம். நீண்டகாலத் தொற்றில் உடல் பலவகை ஆன்டிபாடிகளை உருவாக்கும். அதனால் லூபஸுக்குப் பார்க்கும் ஏஎன்ஏ டெஸ்ட், முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் இரண்டுமே தொழுநோயிலும் பாசிட்டிவ் ஆகலாம். ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று இருப்பதாலேயே லூபஸ் என்று ஆகிவிடாது.

எப்படிப் பிரித்தறிவது?

தொழுநோயின் பக்கம் சாய்க்கும் அறிகுறிகள்:

- உணர்ச்சி குறைந்த, நிறம் வெளிறிய அல்லது சிவந்த தேமல்
- முழங்கையின் உட்புறம், முழங்காலின் வெளிப்புறம், காதுக்குக் கீழே கழுத்தில் தடித்த நரம்பு
- காதுமடல் தடித்தல், புருவ முடி உதிர்தல்
- கை கால் மரத்துப்போதல், பாதம் தொங்குதல்

லூபஸின் பக்கம் சாய்ப்பவை: வெயில் பட்டால் மோசமாகும் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம், டிஎஸ்-டிஎன்ஏ ஆன்டிபாடி. லூபஸ் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

நரம்பைத் தொட்டுப் பார்க்கவும், பஞ்சால் வருடி உணர்ச்சியைச் சோதிக்கவும் ஐந்து நிமிடம் போதும். ஆனால், கிருமி அதிகமுள்ள வகையில் தொடக்கத்தில் உணர்ச்சி குறையாமலே இருக்கலாம். அப்போது தோல் கீறல் பரிசோதனை, பயாப்ஸி ஆகியவையே விடை சொல்லும்.

தவறினால் என்ன ஆகும்?

லூபஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால், ரியாக்‌ஷன் அடங்கும். நோயாளி தெம்பாவார், ‘பார்த்தீங்களா, லூபஸ்தான்’ என்று தோன்றும். உள்ளே கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். தொழுநோய் ரியாக்‌ஷனுக்கும் ஸ்டீராய்டு தருவார்கள்தான். ஆனால் கூடவே கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்தும் வேண்டும். நரம்புப் பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் மீள வாய்ப்பு அதிகம். தாமதமானால் விரல் மடங்கிப்போவது நிரந்தரமாகலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

லூபஸ் அல்லது முடக்குவாதம் என்று சொல்லப்பட்டு, கூடவே மரத்துப்போன இடமும் இருந்தால், ‘தொழுநோய் இல்லைன்னு பார்த்தாச்சா டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள். ஏற்கெனவே எடுக்கும் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது ஆபத்து.

கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவர்களுக்குப் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வீடு வீடாகச் சென்று அறிகுறிகளைத் தேட கேரள அரசு 2018-ல் ‘அஸ்வமேதம்’ இயக்கத்தைத் தொடங்கியது. தொழுநோயை விவாகரத்துக்கான காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகளை 2019-ல் நாடாளுமன்றம் நீக்கியது. சட்டம் விட்டுவிட்ட பயத்தை நாம் பிடித்துக்கொண்டு, அந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.