பாயைச் சுருட்டச் சொல்ல மைக்ரோசாஃப்ட் யாரு?

எங்க ஊர் ஆழ்வார் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சிஷ்யர் கணிகண்ணனை பல்லவ ராஜா ஊரை விட்டுப் போகச் சொன்னதும், திருமழிசை ஆழ்வார் காஞ்சிப் பெருமாளைப் பார்த்து, நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கிட்டு கிளம்புன்னாராம். பெருமாளும் கிளம்பிட்டாராம். ஆழ்வார் சொன்னார், சரி. மைக்ரோசாஃப்ட் சொன்னா நாம ஏன் சுருட்டணும்?

மேட்டர் இதுதான். 2015-ல வந்த விண்டோஸ் 10-க்கு கொடுத்துக்கிட்டிருந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. அதுலேர்ந்து "என் லேப்டாப் அவ்ளோதானா?"ன்னு என்கிட்ட கேக்காத ஆளே இல்லை. அவ்ளோதான் எல்லாம் இல்லை மக்களே. மெஷின் ஓடும். பாதுகாப்பு அப்டேட் மட்டும் வராது. அது சின்ன விஷயம்னு சொல்லலை. கூரையில ஓட்டை விழுந்தா அடைக்கத்தான் வேணும். அதுக்காக வீட்டையே இடிக்கச் சொன்னா எப்படி?

சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாமேன்னா, டி.பி.எம். 2.0-ங்கிற பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல்னா பெரும்பாலும் 8-வது தலைமுறை பிராசஸராவது வேணும்னு கண்டிஷன். 2016-ல வாங்கின நல்ல ஐ5 மெஷினெல்லாம் வாசல்லயே நிக்குது. வேகம் பத்தலைன்னு இல்லை, லிஸ்ட்ல பேர் இல்லையாம்!

எங்க பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர், சிட்கோ எஸ்டேட்ல லேத் ஓட்டறார். பொண்ணு பி.காம். படிக்குது. அவங்க வீட்டு லேப்டாப் 6-வது தலைமுறை ஐ5, ராம் 4 ஜிபி. ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம். கடையில காட்டியிருக்கார். "இனி இது வேஸ்ட் சார், 45 ஆயிரத்துல புதுசு இருக்கு, இ.எம்.ஐ. போட்டுக்கலாம், பழசுக்கு 2,500 தர்றோம்"னுட்டாங்க. "என்ன தம்பி பண்றது, லோன் போடட்டுமா?"ன்னு என்கிட்ட வந்து நிக்கிறார். எனக்கு வந்த கோவம்தான் இந்தப் பதிவு.

அந்த மெஷினுக்கு வந்த வியாதி வேற, கடைக்காரர் சொன்ன வைத்தியம் வேற. டாஸ்க் மேனேஜரைத் திறந்தா டிஸ்க் 100 சதவீதத்துல நிக்குது. உள்ள இருக்கறது சுத்தற தட்டு ஹார்ட் டிஸ்க். முள்ளு அங்கயும் இங்கயும் ஓடித்தான் ஒவ்வொரு ஃபைலையும் எடுக்கணும். எஸ்.எஸ்.டி.யில அந்த ஓட்டமே கிடையாது. 256 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டோம். புதுசு விலையில பத்துல ஒரு பங்குகூட ஆகலை. இப்ப அரை நிமிஷத்துக்குள்ள எழுந்திருக்குது.

அடுத்தது ராம். 8 ஜிபி ஆக்கலாம். ஆனா 2025 கடைசியிலேர்ந்து ராம் விலை எகிறிடுச்சு. மெமரி சிப்பையெல்லாம் ஏ.ஐ. டேட்டா சென்டருங்க அள்ளிக்கிட்டுப் போறதுதான் காரணம். மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பர்ல, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விக்கிற குரூஷியல் பிராண்டையே மூடறோம்னு அறிவிச்சுது. "அப்போ புதுசே வாங்கிடலாமே"ங்கறீங்களா? புது லேப்டாப் உள்ள இருக்கறதும் அதே ராம்தானே சாமி!

"பாதுகாப்பு அப்டேட்டுக்கு என்ன பண்ணுவே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. தனி நபருங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிப்பு உண்டுன்னு மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கு. கடையில இதை ஏன் சொல்லலை? அதுக்கப்புறம் நெட்டுக்கு லினக்ஸ். அந்தப் பொண்ணுக்கு டாலி வேணும், அது விண்டோஸ்லதான் ஓடும். ரெண்டையும் ஒரே மெஷின்ல வச்சுக்கிட்டு, டாலி பக்கம் நெட்டை இணைக்காம விட்டா போச்சு.

லினக்ஸ்னா அலர்றவங்களுக்கு ஒரு சேதி. 2011 செப்டம்பர் 15-ல ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்சது எங்க திருவள்ளூர் மாவட்டத்துல, காக்களூர்லதான். அந்த லேப்டாப்ல விண்டோஸோட சேர்த்து, சி-டாக்கோட சென்னை மையம் உருவாக்கின பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தாங்க. எனக்கும் பிளஸ் டூவுல ஒண்ணு கிடைச்சுது. இன்ஜினியரிங்ல சி, ஜாவா எல்லாம் அதுல, லினக்ஸ் பக்கம்தான் கத்துக்கிட்டேன். 2 ஜிபி ராம்! இன்னிக்கும் எங்கம்மா அதுலதான் பாட்டு கேக்கறாங்க. மாற்று வழி கவர்மென்ட் செலவுலயே வீட்டுக்கு வந்த ஊருய்யா இது.

புதுசே வாங்காதீங்கன்னு சொல்ல வரலை. மதர்போர்டு போயிடுச்சா, வாங்குங்க. வீடியோ எடிட்டிங், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோன்னு கனமான வேலையா, வாங்குங்க. ராம் போர்டோட பற்ற வச்சிருந்து வேலைக்கும் பத்தலையா, வாங்குங்க. கீல், திரை, பேட்டரி மூணும் ஒண்ணா போச்சுன்னாலும் கணக்குப் போட்டுப் பாத்துட்டு வாங்குங்க. அதெல்லாம் மெஷின் சொல்ற காரணம். நான் சண்டை போடறது, காலண்டரைக் காட்டி லோன் தலையில கட்டறவங்களோட.

அதனால மக்களே, கடைக்காரர் "வேஸ்ட்"னு சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்த பார்ட் போயிருக்கு?" பார்ட் பேர் சொல்ல முடியலைன்னா லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்துடுங்க. எக்ஸ்சேஞ்சுக்கே கொடுத்தாலும் டிஸ்க்கைக் கழட்டி வச்சுக்கிட்டுக் கொடுங்க. உங்க குடும்ப போட்டோவும் ஆதார் காப்பியும் அந்த 2,500-ல சேராது.

டிஸ்கி: நானும் பொழைக்கிறது சாஃப்ட்வேர்லதான். புது வெர்ஷன் விட்டாத்தான் எனக்கும் சம்பளம். அதுக்காக லேத் ஓட்டறவர் கடன் வாங்கணும்னா, அந்த வெர்ஷன் எனக்கு வேணாம் :-)