கொஞ்சம் வழி விடுங்கள்!

நேயர்களே, உங்களில் பரம சாதுக்கள் எத்தனை பேர்? பிறத்தியாருக்குத் தொந்தரவு கொடுப்பதைவிடத் தாமே கஷ்டப்படுவது மேல் என்று இருப்பவர்கள் எத்தனை பேர்? இந்த வாரம் அவர்களோடுதான் எனக்குப் பேச்சு.

லண்டனில் இருக்கும் என் மகன், குளிர்கால விடுமுறைக்கு எங்கள் இருவரையும் பார்படோஸ் தீவுக்கு அழைத்துப் போனான். "கடலைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? திருவான்மியூரில் இல்லாத கடலா?" என்றாள் என் சகதர்மிணி. எனக்கோ, ஸோபர்ஸ் பிறந்த மண்ணை ஒரு தடவையாவது மிதித்துவிட வேண்டும் என்று நாற்பது வருஷத்து ஆசை. ஒரு வாரம் காலையும் மாலையும் மணலில் நடந்தோம். அவள்தான் எனக்கு முன்னால் நடந்தாள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் விமானம் இரவு 8 மணிக்கு. அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல் சுமார் 6,700 கிலோமீட்டர். எட்டு மணி நேரப் பிரயாணம். போகும்போது இதைவிட ஒரு மணி நேரம் அதிகம். திரும்புகையில் மேற்கேயிருந்து வீசும் மேல்காற்று முதுகில் கை கொடுத்துத் தள்ளுகிறது. கடிகாரத்தை 4 மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும் என்பதால் லண்டனில் இறங்கும்போது காலை 8 மணி. ராத்திரியில் பாதியை நடுக்கடலில் யாரோ களவாடிவிட்டாற்போல் இருக்கும்.

ஜன்னல் ஓரம் அவள், நடுவில் நான், வழி ஓரத்தில் ஆஜானுபாகுவான ஒரு வெள்ளைக்காரர். மகன் குடும்பம் நாலு வரிசைக்கு முன்னால். சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்ததும் வெள்ளைக்காரர் கண்ணை மூடினார். நடுநிசிக்கு மேல் என் தோளில் ஒரு விரல் தட்டியது.

"என்னங்க, கொஞ்சம் எழுந்து போயிட்டு வரணும்."

"பாவம், அசந்து தூங்குகிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளேன்."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. பிறகு பணிப்பெண் தண்ணீர் கொண்டு வந்தபோது "வேண்டாம்" என்று கையை ஆட்டினாள். ஏன் என்று பெண் நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் வெளியூர் போகிற அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்று நேற்று வந்ததா என்ன! ஆனால் விமானத்துக்குள் இருக்கும் காற்று பாலைவனக் காற்றைப்போல் உலர்ந்தது. உள்ளே இருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில் இருப்பதுதான். நம் உடம்பில் உள்ள நீர் நமக்குத் தெரியாமலே வற்றிக்கொண்டிருக்கும்.

லண்டனில் இறங்கும்போது வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்து, "எனக்கு விமானத்தில் தூக்கமே வருவதில்லை. இரவு முழுவதும் சும்மா கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன்" என்றார். என் சகதர்மிணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை வர்ணிக்க எனக்குத் திராணி இல்லை.

அன்று அவளுக்கு இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன. அது சகஜம், மறுநாள் வடிந்துவிட்டது. மூன்றாம் நாள்தான் விஷயம். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது. "சுளுக்கு" என்று சொல்லித் தைலம் தேய்க்க உட்கார்ந்தாள். அப்படித் தேய்க்கவே கூடாது என்று பிறகு தெரிந்தது. நல்ல வேளை, மருமகள் தைலத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் காலைப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி: "சமீபத்தில் விமானத்தில் வந்தீர்களா?"

ஸ்கேன் எடுத்தார்கள். கெண்டைக்காலின் ஆழத்தில் உள்ள ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. நாம் நடக்கும்போது கெண்டைச் சதை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. மடக்கிய காலோடு அசையாமல் கிடந்தால் அந்த வேலை நின்றுவிடுகிறது. உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து.

இது விமானத்தோடு பிறந்த வியாதி அல்ல. 1940-ல் ஜெர்மானிய விமானங்கள் லண்டனில் குண்டு போட்டபோது ஜனங்கள் நிலவறைகளில் போய்ப் பதுங்கினார்கள். படுக்க இடம் இல்லாததால் கான்வாஸ் சாய்வு நாற்காலிகளில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் அடியில் அழுத்தியது. குண்டுக்குத் தப்பியவர்களில் சிலர் மறுநாள் திடீரென்று விழுந்து இறந்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்த கீத் ஸிம்ப்ஸன் என்ற டாக்டர், அவர்களுடைய நுரையீரலில் ரத்தக் கட்டியைக் கண்டு, அந்த வருஷமே வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். குண்டுக்குப் பயந்து அசையாமல் உட்கார்ந்தவர்கள் அவர்கள். நாங்கள் எதற்குப் பயந்தோம்? ஒரு மனிதரின் தூக்கத்துக்கு!

பீதி அடைய வேண்டாம். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பிரயாணம் செய்தால் இந்த அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அப்படியும் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்று 2007-ல் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொன்னது. அந்த ஒருவர் என் வீட்டில் இருந்தார், அவ்வளவுதான். கர்ப்பிணிகளும், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும், முன்பே இப்படிக் கட்டி வந்தவர்களும் டிக்கெட் வாங்குமுன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். மற்றவர்கள் தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். அவ்வப்போது எழுந்து நடங்கள்.

மூன்று மாதம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு, டாக்டரின் அனுமதியோடு சென்னைக்குப் புறப்பட்டோம். இந்தத் தடவை வழி ஓரத்து ஆசனம் எனக்கு, பக்கத்தில் அவள். பத்து மணி நேரப் பிரயாணம். எனக்குக் கண் சொக்கும் நேரம் பார்த்து, மணிக்கு ஒரு தடவை, தோளில் விரல் தட்டியது.

"என்னங்க, கொஞ்சம் வழி விடுறீங்களா?"

ஆறாவது தடவை எழுந்தபோது, அவளுக்குப் பின்னாலேயே நானும் நடந்தேன்.