உங்க எமர்ஜென்சி ஃபண்டில் வக்கீல் ஃபீஸுக்கு இடம் இருக்கா?

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், ஹோம் லோன்னு எவ்வளவோ பேசியிருக்கோம். இன்னிக்குப் பேசப்போறது யாருமே கேட்க விரும்பாத ஒரு செலவு பத்தி. நம்ம மேல ஒரு கிரிமினல் கேஸ் வந்தா, அதை எதிர்த்து வாதாட எவ்வளவு ஆகும்? அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

"நான் ஷிஃப்ட் போறேன், ரூமுக்கு வர்றேன், எனக்கெதுக்கு சார் கேஸ்?"ன்னு நீங்க கேட்பீங்க. என் கிளையன்ட் ஒருத்தரும் அப்படித்தான் நினைச்சிருந்தார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். அவசரமா விமானத்தில் போகணும்னு மாமாவோட பழைய பையை வாங்கிட்டு ஏர்போர்ட் போனார். மாமா துப்பாக்கி லைசென்ஸ் வச்சிருந்தவர். பையோட அடிப்பாக்கெட்டில் ஒரே ஒரு தோட்டா கிடந்திருக்கு. எக்ஸ்ரே மெஷினில் அது தெரிஞ்சதும் பயணம் நின்னுது, போலீஸ் ஸ்டேஷன், எஃப்ஐஆர்.

ராத்திரி பதினொரு மணிக்கு அவரோட மச்சான் எனக்குப் போன் பண்ணினார். "சார், வக்கீலுக்கு இப்பவே ஒன்றரை லட்சம் வேணுமாம். எந்த எஃப்டியை உடைக்கலாம்?" உடைக்க எஃப்டியே இல்லை. கடைசியில் லோன் ஆப்பில் வாங்கினாங்க. ஜாமீன் கிடைச்சிருச்சு. வழக்கை ரத்து செய்யச் சொல்லி ஹைகோர்ட்டில் போட்ட மனு இன்னும் நிலுவையில் இருக்கு, கடனும் இன்னும் ஓடிட்டிருக்கு.

ஒரு தோட்டா, ரெண்டு வருஷம்

1959ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி மட்டுமில்லை, தோட்டா வச்சிருந்தாலும் குற்றம்தான். 2019 திருத்தத்துக்கு அப்புறம் இதுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம், அதோட அபராதமும் உண்டு.

ஆனா சட்டத்தில் இதுக்கு ஒரு பதிலும் இருக்கு. 1994இல் சஞ்சய் தத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது: 'வச்சிருத்தல்'னா தெரிஞ்சு வச்சிருத்தல். பையில் இருந்ததே தெரியாதுன்னு காட்ட முடிஞ்சா தப்பிக்க வழி இருக்கு. பல உயர் நீதிமன்றங்கள் இந்த அடிப்படையில் ஒற்றைத் தோட்டா வழக்குகளை ரத்து செஞ்சிருக்கு. ஆனா அந்த வாதம் தானா போய் ஜட்ஜ் காதில் விழாது. யாராவது எடுத்து வைக்கணும். அதுக்கு ஒரு வக்கீல் வேணும், அவருக்கு ஃபீஸ் தரணும்.

சம்பளத்துக்குப் போன 35 பேர்

2013 அக்டோபரில் தூத்துக்குடி கடலில் 'சீமேன் கார்ட் ஓஹியோ'ங்கிற கப்பலைக் கடலோரக் காவல்படை மறிச்சது ஞாபகம் இருக்கா? அமெரிக்கக் கம்பெனி ஒண்ணோட கப்பல், சியரா லியோன் கொடி. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் ஆயுதப் பாதுகாவலர்களும் மாலுமிகளுமா மொத்தம் 35 பேர். 12 பேர் இந்தியர், மத்தவங்க எஸ்டோனியா, பிரிட்டன், உக்ரைன். எல்லாரும் உங்களையும் என்னையும் மாதிரி மாசச் சம்பளத்துக்கு வேலைக்குப் போனவங்கதான்.

ஆயுதச் சட்டத்தில் வழக்கு. 2014இல் மதுரைக் கிளை ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டை ரத்து செஞ்சது. 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, விசாரணையை நடத்தச் சொன்னது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் 5 வருஷம் கடுங்காவல் கொடுத்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. "குற்றவாளி இல்லை"ங்கிற வார்த்தைக்கு நாலு வருஷம் ஆச்சு. பிரிட்டன்காரங்க குடும்பங்கள் ஊர் ஊராப் பிரச்சாரம் பண்ணி, பொதுமக்கள்கிட்ட நிதி திரட்டித்தான் தாக்குப்பிடிச்சாங்க.

நம்ம ஊர்ப் பேரோட ஒட்டிக்கிட்ட வழக்கையும் பாருங்க. 1991 மே 21 கொலை வழக்கில் 26 பேருக்கும் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதிச்சது. பழ. நெடுமாறன் தலைமையில் குழு அமைச்சு, மக்கள்கிட்ட நிதி வாங்கி உச்ச நீதிமன்றத்தில் வழக்கை நடத்தினாங்க. 1999 மே மாசம் 19 பேர் விடுதலை ஆனாங்க. அந்த வழக்கைப் பத்தி உங்க கருத்து எதுவா வேணா இருக்கட்டும். தூக்குக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒழுங்கா வாதாடின ஒரு மேல்முறையீடு இருந்தது. அதுக்குப் பணம் தேவைப்பட்டது. நான் சொல்ல வர்றது அவ்வளவுதான்.

ஆடிட்டரா சில உண்மைகள்

ஒண்ணு: சம்பளக்காரர் தன் கிரிமினல் வழக்குக்குக் கட்டுற ஃபீஸுக்கு வருமான வரியில் எந்தக் கழிவும் கிடையாது. பழைய ரெஜிமிலும் இல்லை, புதுசிலும் இல்லை.

ரெண்டு: தனிநபரா நீங்க உங்க சொந்தக் கேஸுக்கு வக்கீல் வச்சா அந்த ஃபீஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் 18 சதவீதம் சேர்த்திருந்தா ஏன்னு கேளுங்க.

மூணு: உங்க ஹெல்த் பாலிசியும் டேர்ம் பாலிசியும் வக்கீலுக்குப் பத்து பைசா தராது.

நாலு: ஃபீஸை பேங்க் வழியாக் கட்டி ரசீது வாங்குங்க. ஜாமீன், விசாரணை, மேல்முறையீடு ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவுன்னு தனித்தனியாப் பேசி எழுதி வாங்குங்க. "மொத்தமாப் பாத்துக்கலாம்"னு சொன்னா அங்கதான் கணக்கு கைமீறிப் போகும்.

அஞ்சு: கம்பெனி சஸ்பெண்ட் பண்ணினா சம்பளம் முழுசா நின்னுடணும்னு இல்லை. தொழிலாளிக்கு முதல் 90 நாள் சம்பளத்தில் பாதி பிழைப்பூதியமா கேட்க உரிமை இருக்கு.

அதனால ஆறு மாசச் செலவுன்னு நாம வழக்கமாச் சொல்ற எமர்ஜென்சி ஃபண்டோட கூட ஒரு மாசச் சம்பளத்தைச் சட்டச் செலவுக்குன்னு தனி எஃப்டியில் போடுங்க. ஒரு வழக்கையே முடிக்க அது போதாது. ஆனா முதல் ராத்திரி லோன் ஆப்பைத் திறக்காம இருக்க அது போதும்.

இலவச வக்கீல்: கௌரவக் குறைச்சல் இல்லை

என் கிளையன்ட் வீட்டில் நான் முதலில் சொன்னதே இலவசச் சட்ட உதவி பத்திதான். "அதெல்லாம் ஏழைங்களுக்கு சார், அந்த வக்கீல் ஒழுங்கா வாதாட மாட்டார்"ன்னு மறுத்துட்டாங்க. அந்த மறுப்புக்குக் கொடுத்த விலைதான் ஒன்றரை லட்சமும் அதுக்கு மேல வட்டியும்.

1987ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படிச்சுப் பாருங்க. பெண்கள், எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவங்க, தொழிற்சாலைத் தொழிலாளிகள் எல்லாருக்கும் இலவச வக்கீல் உரிமை. இவங்களுக்கு வருமான வரம்பு பார்க்கிறதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் லைனில் வேலை செய்ற பெரும்பாலானவங்க இதில் ஏதாவது ஒரு வகையில் வந்துடுவீங்க. மேனேஜர் போஸ்ட்டில் இருக்கிறவர் 'தொழிலாளி'ங்கிற வகையில் வரமாட்டார். ஆனா அவரும் காவலில் இருந்தா உரிமை உண்டு. இலவச ஹெல்ப்லைன் எண் 15100. நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவிலும் நேரா மனு கொடுக்கலாம்.

கைதானா 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும். உங்களுக்குப் பிடிச்ச வக்கீலைக் கலந்து பேசுற உரிமை அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவிலேயே இருக்கு. "வக்கீல் வைக்க வசதி இல்லை"ன்னு மாஜிஸ்திரேட்கிட்ட வாய் திறந்து சொல்லுங்க. முதல் நாள் ஜாமீனுக்கு இலவச வக்கீல், அப்புறம் நிதானமா விசாரிச்சு சொந்த வக்கீல்னும் போகலாம். தப்பே இல்லை.

டெபுடேஷன் போறவங்களுக்கு

இங்கிருந்து அமெரிக்க பிளான்ட்டுக்கு ட்ரெய்னிங் போறவங்க ஒண்ணு கவனிங்க. வீக்கெண்டில் அங்க இருக்கிற நண்பர்கள் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிடுவாங்க. எச்1பி, எல்1 மாதிரித் தற்காலிக விசாவில் இருக்கிறவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வச்சிருந்தா, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, அது அந்நாட்டு ஃபெடரல் குற்றம். 2022க்கு அப்புறம் அதிகபட்சத் தண்டனை 15 வருஷம். இன்ஸ்டாவில் நீங்க போடுற போட்டோவே சாட்சி ஆயிடும். மாட்டிக்கிட்டா வக்கீல் வராம எதுவும் பேசாதீங்க, இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேளுங்க. வசதி இல்லாதவங்களுக்கு அங்கயும் கோர்ட்டே வக்கீல் நியமிக்கும்.

கம்பெனிகிட்ட ஒரு கேள்வி

கடைசியா என் கருத்து. வேலை நிமித்தமா வர்ற வழக்குக்கு வக்கீல் செலவைக் கம்பெனிதான் ஏத்துக்கணும். டைரக்டர்களுக்கு இதுக்குன்னே இன்சூரன்ஸ் எடுத்து வைக்கிற கம்பெனிகள் இருக்கு. லைனில் நிக்கிறவருக்கும், கம்பெனி வண்டி ஓட்டுறவருக்கும், வெளிநாட்டுக்கு அனுப்பப்படுறவருக்கும் அது ஏன் இல்லை? அடுத்த ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி "ட்யூட்டியில் கேஸ் வந்தா யார் பார்த்துக்குவாங்க?"ன்னு எச்ஆர்கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. வர்ற பதிலைச் சேவ் பண்ணி வையுங்க. பதிலே வரலைன்னா, அந்த எஃப்டியை இந்த மாசமே போட்டுடுங்க.

அப்புறம், அடுத்தவங்க பையை இரவல் வாங்கினா ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து கொட்டிப் பார்த்துட்டுத் துணியை வையுங்க.