பாசி எண்ணெயும் முள்ளிக்குளத்தார் உரித்தும்

பாசியிலிருந்து எரிநெய் வடிக்கலாம் என்பது வெறுங்கனவு அன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் மண்டபத்திலும் ஆய்வுக்கூடம் வைத்துள்ள இந்திய அரசின் மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார், நுண்பாசியிலிருந்து எடுத்த டீசலை ஊற்றி 2012 இல் மோட்டார் வண்டியொன்றை ஓட்டியே காட்டினர். 2022 இல் மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்களைக் கரையேற்றியவரும், அவ்வாண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபா ஒரே நாளில் 340 ரூபாவானதைக் கண்டவருமான மன்னார் மீனவர், இச்செய்தியை ஆவலோடு கேட்பதில் வியப்பென்ன?

ஆயினும் ஆவலுக்கு முன் கணக்குப் பார்த்தல் வேண்டும். திறந்த குளத்தில் வளரும் நுண்பாசி, ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராம் அளவுகூடத் தேறுவதரிது. ஒரு கிலோப் பாசிக்கு ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நீரை அகற்றவேண்டும். அதற்குச் செலவாகும் சக்தியே இலாபத்தை விழுங்கிவிடுகின்றது. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதனை ஆராய்ந்து, பெற்றோலின் விலையோடு போட்டியிட இயலாதெனக் கண்டு நிறுத்திற்று. எக்ஸன் மொபில் கம்பெனி 2009 இல் அறுபது கோடி டொலர் வரை செலவிடுவதாக முழங்கிப் புகுந்து, பதினான்கு ஆண்டுகளுக்குள் கைகழுவிற்று. அத்துணைப் பணம் படைத்தோர் கைவிட்டதை நம் ஏழைக் கரை சுமப்பது எங்ஙனம்?

இன்று பயன் தரவல்லது கடலில் மிதவை கட்டி வளர்க்கும் பெரும்பாசியே. கப்பாபைக்கஸ் என்னும் இனம் நாற்பத்தைந்து நாளில் அறுவடைக்கு வரும். இராமநாதபுரக் கரையில் பெண்கள் அதனால் கூலி காண்கின்றனர். பச்சைப்பாசியைப் பிழிந்த சாறு பயிரூக்கி; சக்கையிலிருந்து கராஜினன் என்னும் பசை; அதன் சர்க்கரையை நொதிக்கவைத்தால் எதனோல். சாற்றை இந்திய உழவர் ‘சாகரிகா’ என்ற பெயரில் வாங்குகின்றனர். 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து வயல்களை வாடவிட்ட அரசின் கமக்காரர், இச்சாறு உரத்துக்கு மாற்றன்று, துணையே என்பதை அறிந்திருத்தல் நன்று. மற்றொன்று: இவ்வினம் அயலது. குருசடைத் தீவில் பவளப்பாறைகளின் மீது அது படர்ந்ததை ஆய்வாளர் 2008 இல் எழுதினர்.

இனி, கரை எவருடையது என்னும் கேள்வி. வில்பத்துக் காட்டின் வடவெல்லையில் உள்ள முள்ளிக்குளத்து மக்கள் 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்டனர். அவர்தம் ஊரில் கடற்படை தளம் அமைத்தது. காடழித்து மலங்காட்டில் குடியேறியவர்கள் 2017 இல் தெருவோரம் அமர்ந்து போராடிய பின்னரே, நூறு ஏக்கர் விடுவிக்கப்படும் என்ற உறுதி ஏப்ரலில் கிடைத்தது. குளமும் வயலும் கரைவலைப் பாடும் சேர்ந்ததே ஓர் ஊர். நூறு ஏக்கர் ஊராகாது.

இக்கரையை மக்களைக் கேளாது குத்தகைக்கு விட்ட வழக்கம் பழையது. சிலாவத்துறைக்கு அப்பாலுள்ள முத்துப்பார்களைப் பிரித்தானிய அரசு 1906 இல், ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு, இருபது ஆண்டுக் குத்தகையாக ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. கம்பெனி அவசரப்பட்டு அள்ளியது; சிப்பி விளையவில்லை; 1912 இல் கம்பெனி கலைந்தது. கலைந்தவர் இலண்டனுக்குப் போயினர். பாரை நம்பி வாழ்ந்தவர் எங்கே போவது?

நாளை பாசிக்கும் ஒரு கம்பெனி வரக்கூடும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டத்தின்கீழ் நீர்வேளாண்மைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அப்பத்திரம் முள்ளிக்குளத்துக் கடலைப் பற்றியதாயின், அவ்வூர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலேயே வழங்கப்படவேண்டும். அதற்கு முன் வயலும் பாடும் உரியவர் கைக்குத் திரும்பவேண்டும். பவளத்துக்குக் கேடில்லாத சுதேசப் பாசி எதுவென்பதை நாரா நிறுவனம் ஆராய்ந்து தமிழில் வெளியிடவேண்டும். நம் வழக்கறிஞரும் பொறியியலாளரும் மன்னாரில் ஒரு நாள் கூடி, சங்கத்துக்கான ஒப்பந்த வரைவை இப்போதே எழுதி வைப்பாராக. கம்பெனியின் வரைவு வந்தபின் எழுதுவது பிந்திய வேலை.