பத்து ஷில்லிங் சிங்கம்

போன மாதம் ஒரு கம்பெனிக்கு விளம்பரத்துக்காக நாலு வரி எழுதிக் கொடுத்தேன். (பெயர் வேண்டாம். காரணம், அடுத்த பாராவிலேயே தெரியும்.) கேஷியர் ஒரு வவுச்சரை நீட்டினார். ரெவின்யூ ஸ்டாம்ப் முன்கூட்டியே ஒட்டித் தயாராக இருந்தது.

"ஒரு கையெழுத்து சார்."

"செக்?"

"எம்.டி. ஊர்ல இல்லை. வந்ததும் அனுப்பிடறோம்."

ஸ்டாம்ப்புக்கு மேலே பொடி எழுத்தில் ஆறு வரி இருந்தது. அடியேன் பி.காம்., முதல் வகுப்பு. மெர்க்கன்டைல் லாவில் 68 மார்க். அந்த ஆறு வரியையும் படிக்காமல், வராத பணத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தால் என் பெண் டி.வி.யில் 'தி லயன் கிங்' பார்த்துக்கொண்டிருந்தாள். டிஸ்னி கம்பெனியின் 1994 படம். அதில் ஒரு காட்டுப்பன்றியும், கீரிப்பிள்ளை ஜாடையில் ஒரு பிராணியும் ஜோடி சேர்ந்து ஒரு பாட்டைப் பாடும். 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'. பெயர் தெரியாவிட்டாலும் மெட்டு உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை காதில் விழுந்தால் ஒரு வாரம் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற ஜாதி.

"அப்பா, இந்தப் பாட்டை யாருப்பா போட்டது?" என்றாள்.

சாதாரணக் கேள்விதான். ஆனால், அதற்கு ஒழுங்கான பதில் கிடைக்க 67 வருஷம் ஆயிற்று.

*

1939. தென் ஆப்பிரிக்கா, ஜோஹன்னஸ்பர்க். காலோ என்ற ரெக்கார்டு கம்பெனியின் ஸ்டூடியோவில் 'ஈவினிங் பேர்ட்ஸ்' என்று ஒரு கோஷ்டி பாடிக்கொண்டிருக்கிறது. தலைவர் சாலமன் லிண்டா. வயசு 30. ஜூலு இனத்துக்காரர். ஊரில் மாடு மேய்த்துவிட்டுப் பட்டணம் பிழைக்க வந்தவர். மேடையில் ஏறினால் கோடு போட்ட சூட், தொப்பி என்று கோஷ்டி மொத்தமும் மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

அன்றைக்குப் பாடிய பாட்டுக்குப் பெயர் 'ம்பூபே'. ஜூலுவில் சிங்கம் என்று அர்த்தம். மாட்டுக்கார வயசில் சிங்கத்தை விரட்டிய ஞாபகம்.

பாட்டின் கட்டுமானம் ரொம்ப எளிமை. கீழே ஆண்கள் கனத்த குரலில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், செக்கு சுற்றுகிற மாதிரி. அதற்கு மேலே லிண்டா மட்டும் உச்சஸ்தாயியில் பெண் குரலில் பறப்பார். முதல் டேக்கில் திருப்தி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது டேக்கில் பாட்டு முடிகிற சமயத்தில், எந்த ஒத்திகையிலும் பாடாத ஒரு மெட்டு அவர் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. மொத்தம் பதினைந்து ஸ்வரம் தேறினால் ஜாஸ்தி.

உலகம் பிற்பாடு முணுமுணுத்ததெல்லாம் அந்தப் பதினைந்தைத்தான்.

ரெக்கார்டு வெளியே வந்தது. பத்து வருஷத்துக்குள் சுமார் 1 லட்சம் பிரதிகள் விற்றன. அந்தப் பாணியில் பாடுகிற சங்கீதத்துக்கே 'ம்பூபே' என்று பெயர் வந்துவிட்டது. லிண்டாவுக்கு என்ன வந்தது?

10 ஷில்லிங்.

அதாவது அரை பவுண்டு. நம்மூர் அரைப் பவுன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அது வெறும் பிரிட்டிஷ் காசுக் கணக்கு. அதற்குப் பாட்டின் மேலிருந்த உரிமை முழுக்கக் கைமாறிப் போயிற்று. அந்தக் கம்பெனியிலேயே அவருக்கு ஒரு வேலையும் கிடைத்தது. என்ன வேலை? ரெக்கார்டுகளைப் பேக் செய்கிற வேலை! தான் பாடிய தட்டைத் தானே உறையில் போட்டு, கடைக்கு அனுப்பி, மாதச் சம்பளம் வாங்கியிருக்கிறார் மனுஷன்.

*

இனிமேல்தான் கணக்கு சூடு பிடிக்கிறது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ரெக்கார்டு எப்படியோ கப்பலேறி அமெரிக்கா போய், ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப்பாடல் ஆராய்ச்சியாளர் கையில் சிக்கியது. அவர் தன் நண்பர், பாடகர் பீட் சீகரிடம் கொடுத்தார். சீகருக்கு ஜூலு தெரியாது. காதில் விழுந்ததை 'விமோவே' என்று எழுதிக்கொண்டார். அதையே பெயராக வைத்து அவருடைய 'வீவர்ஸ்' கோஷ்டி பாடியது. 1952-ல் ஹிட்.

ரெக்கார்டில் பாட்டு யார் பெயரில் இருந்தது தெரியுமா? பால் கேம்பெல். யார் இந்த கேம்பெல்? அப்படி ஒரு ஆளே கிடையாது! வீவர்ஸ் கோஷ்டி வைத்துக்கொண்ட புனைபெயர். ஆப்பிரிக்காவின் பழைய நாட்டுப்பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துவிட்டார்களாம். பினாமி என்ற விஷயம் நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை என்பதில் எனக்கு ஒரு அல்ப திருப்தி. சீகரைச் சும்மா திட்டக்கூடாது. நிஜப் பாடகர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் லிண்டாவுக்கு 1000 டாலர் போக வழி செய்தார். அவ்வளவுதான்.

அடுத்து 1961. நியூயார்க் புரூக்ளின் பையன்கள் நாலு பேர், 'டோக்கன்ஸ்' என்று கோஷ்டி. ஜார்ஜ் வெய்ஸ் என்கிறவர் இங்கிலீஷில் புதிதாக வார்த்தை எழுதினார். லிண்டா கடைசியில் போகிறபோக்கில் பாடிய பதினைந்து ஸ்வரத்தை எடுத்து, நடு ஹாலில் கொண்டுவந்து உட்கார வைத்தார். பாட்டுக்கு 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று பெயர் சூட்டினார்கள். கம்பெனிக்கு நம்பிக்கை போதவில்லை. ரெக்கார்டின் பின்பக்கத்தில் போட்டார்கள். ஜனங்கள் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். டிசம்பரில் அமெரிக்காவில் நம்பர் 1; அங்கேயே மூன்று வாரம் உட்கார்ந்தது. 1972-ல் ராபர்ட் ஜான் பாடி அங்கே நம்பர் 3. 1982-ல் 'டைட் ஃபிட்' பாடி இங்கிலாந்தில் நம்பர் 1. யார் தொட்டாலும் பொன்.

பாட்டைப் போட்டவரைத் தவிர.

சாலமன் லிண்டா 1962-ல் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். வயசு 53. பாங்க் கணக்கில் 25 டாலர் கூட இல்லை. சமாதிக்கு ஒரு கல் நட மனைவியிடம் காசு இல்லை. கல் வருவதற்கு 18 வருஷம் ஆயிற்று.

இந்த இடத்தில் ஒரு ஜோக் எழுதலாம் என்று அரை மணி நேரம் பேனாவைக் கடித்தேன். வரவில்லை.

*

2000-ல் ரியான் மாலன் என்ற தென் ஆப்பிரிக்க எழுத்தாளர், 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் இந்தக் கதையை விலாவாரியாக எழுதினார். 'தி லயன் கிங்'கில் உபயோகித்த வகையில் மட்டும் ஒன்றரைக் கோடி டாலர் ராயல்டி புரண்டிருக்கும் என்று கணக்குப் போட்டார். லிண்டாவின் பெண்கள் அப்போது சொவேட்டோவில் கஷ்ட ஜீவனம்.

ஓவன் டீன் என்று ஒரு காப்பிரைட் வக்கீல் பழைய சட்டப் புத்தகத்தைத் தூசி தட்டினார். வெள்ளைக்காரன் தன் சாம்ராஜ்யம் முழுக்கப் போட்டிருந்த 1911 காப்பிரைட் சட்டத்தில் ஒரு ஷரத்து. எழுதியவர் உரிமையை யாருக்கு விற்றிருந்தாலும், அவர் இறந்த 25 வருஷத்தில் அது வாரிசுகளுக்கே திரும்பிவிடும். நாவலாசிரியர் டிக்கன்ஸ் பெயரால் அதை 'டிக்கன்ஸ் ஷரத்து' என்பார்கள். 1962-உடன் 25-ஐக் கூட்டினால் 1987. ஆக, படம் வந்த 1994-ல் உரிமை லிண்டாவின் குடும்பத்துக்கு என்பது வாதம்.

2004-ல் டிஸ்னி மேல் 16 லட்சம் டாலர் கேட்டுக் கேஸ். அமெரிக்கக் கம்பெனியைத் தென் ஆப்பிரிக்கக் கோர்ட்டுக்கு எப்படி இழுப்பது? அந்த நாட்டில் டிஸ்னிக்கு இருந்த டிரேட்மார்க்குகளைக் கோர்ட் ஜப்தி செய்தது. அதில் மிக்கி மவுஸும் ஒன்று. தண்டோரா போட்டு எலியை ஜப்தி செய்த காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

2006 பிப்ரவரியில், பாட்டின் உரிமையைக் கையில் வைத்திருந்த அபிலீன் மியூசிக் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. தொகை ரகசியம். பழைய பாக்கி, வரப்போகிற ராயல்டியில் பங்கு, கூட்டு இசையமைப்பாளர் என்று லிண்டாவின் பெயர். ஒப்பந்தத்தின்படி வந்த ராயல்டி 2017-உடன் நின்றுபோனது வேறு கதை. ஆனால் பெயர் நின்றுவிட்டது.

*

இவ்வளவையும் என் பெண்ணுக்குச் சொன்னேன். ரொம்ப சீரியஸாகக் கேட்டுவிட்டு, "பத்து ஷில்லிங்குக்கு எத்தனை சாக்லேட்டுப்பா வரும்?" என்றாள்.

பதில் சொல்லவில்லை. நேராகப் போய் கேஷியருக்குப் போன் போட்டேன்.

"சார், அன்னிக்குக் கையெழுத்துப் போட்டேனே, அந்த வவுச்சருக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும்."

"எதுக்கு சார்?"

"படிக்கறதுக்கு."

எதிர்முனையில் ஐந்து விநாடி மௌனம். அப்புறம் சொன்னார்: "தாராளமா தர்றேன் சார். வந்து வாங்கிக்குங்க. வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து மட்டும் போடணும்."