பழைய காமிராவின் விலை

ஒருவர் காலமானபின் அவர்தம் அலமாரியிலிருந்து தோற்பெட்டியொன்று வெளிவருகின்றது. உள்ளே ஸ்வீடன் தேசத்து ஹாஸல்பிளாட் 500 ஸி/எம் காமிரா ஒன்றும், லென்ஸுகள் இரண்டும், பிலிம் கூடுகள் மூன்றும் உள. வீட்டார் அவற்றின் விலையை அறியார். வாங்க வருவோர் அறிவர். இவ்விரு திறத்தார்க்கும் இடையே நியாயமான விலை யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

பெயரைக் கண்டு விலை கூறுவோர் பலர். 1969-ல் சந்திரனில் இறங்கியவர்கள் இக்கம்பெனியாரின் காமிராவையே கொண்டுசென்றனர் என்பது மெய். ஆயின் அது மோட்டாரினால் இயங்கிய வேறு வகை. அப்புகழுக்காக இப்பெட்டிக்கு ஒரு காசும் கூட்ட வேண்டுவதில்லை. உருப்படிகளை எண்ணி விலை கூறுதலும் பிழையே.

முதற்கண் லென்ஸை நோக்குக. இவ்வகையில் ஷட்டர் லென்ஸினுள்ளேயே அமைந்துள்ளது. பல்லாண்டு இயங்காது கிடப்பின் உள்ளிருக்கும் எண்ணெய் பிசினாய் இறுகி, ஒரு விநாடிக்கு வைத்த ஷட்டர் அதனினும் நெடிது திறந்து நிற்கும். கூர்ந்து கேட்பார்க்குச் செவியே இதனை உணர்த்தும். வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்ப்பின் சிலந்தி வலைபோற் படர்ந்த பூசணம் புலப்படும். அது கண்ணாடியை அரித்துவிட்டதாயின், துடைத்தாலும் வடு நீங்காது. பிலிம் கூட்டிற்கோ ஒரு சுருளை எடுத்துக் கழுவிப் பார்ப்பதே தக்க சோதனை. பன்னிரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது ஒத்த இடைவெளியில் விழுதல் வேண்டும். ஓரத்தில் வெளிச்சக் கீற்று விழுமாயின் தகடு செருகும் பிளவிலுள்ள அடைப்புத் தேய்ந்தது என்க. அதனை மாற்றுதல் சிறு செலவு. ஷட்டரைச் செப்பனிடுதல் அத்தகையதன்று. இவ்வரிசைக் காமிராக்களைச் செய்வதைக் கம்பெனியார் 2013-ல் நிறுத்திவிட்டனராதலின், சில உறுப்புகளை உடைந்த காமிராக்களிலிருந்தே எடுக்க நேரிடும். ஆகவே, ஒத்த பொருள் அண்மையில் விற்ற விலையினின்றும் (கேட்ட விலையினின்றும் அன்று) இச்செலவைக் கழித்து நிற்பதே மதிப்பு.

நிற்க. படம் எடுத்தவுடன் இக்காமிராவின் உட்கண்ணாடி மேலெழுந்து நின்றுவிடும். திருகு கைப்பிடியைச் சுழற்றுமளவும் பார்வைத்திரை இருண்டே கிடக்கும். அஃது இதன் இயல்பு. அறியாத வீட்டார் பொருள் கெட்டதென்று கருதிக் கால்விலைக்குக் கொடுக்க இசைவர். அப்போது வாய் மூடியிருத்தல் வாணிகத் திறமை என்பாரும் உளர். பாடுபட்டுத் தேடிய அறிவிற்குப் பயன் வேண்டாவோ என்று அவர் வினவுவர். வியாபாரியோடு பேரம் பேசுங்கால் வேண்டுவதே, அவனும் அறிந்தவன். தந்தையின் பொருளை விற்க வந்த மக்களோ, எதைக் கேட்பது என்றும் அறியார். அவர்பால் அம்மௌனம் களவினின்றும் வெகுதூரத்தில் இல்லை என்பது எம் கருத்து.

அவர் காணவே கைப்பிடியைச் சுழற்றிக் காட்டுக. எண்ணின் முன்னுள்ள ஈரெழுத்து செய்த ஆண்டைக் குறிக்கும் என்பதையும் சொல்லுக: வி, எச், பி, ஐ, ஸி, டி, யு, ஆர், இ, எஸ் என்பன முறையே 1 முதல் 9 வரையும் பின்னர் 0-உம் ஆம், யு, எச் எனின் 1972. பூசணத்தையும் மறையாது காட்டி, அதன்பின் விலை பேசுக. அவர் கேட்பது நம் கைப்பொருளுக்கு மிஞ்சுமாயின் விடைபெற்று வரலாம். அதே 120 பிலிமை ஏற்கும் யாஷிகாமாட் போன்ற இரட்டை லென்ஸ் காமிராக்கள் இதனினும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.