கடைமடைக்கு எட்டாத 99 சதவீதம்

இலக்கியம் பேசுமிடத்தில் வழங்கிகளைப் பற்றி என்ன பேச்சு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க. 'சர்வர் இல்லை, நாளை வாருங்கள்' என்பதைக் காட்டிலும் மிகுதியாகத் தஞ்சைத் தரணியில் இன்று ஓதப்படும் வாசகம் வேறொன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட இணையப் பதிவு வேண்டும், சிட்டா வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் வேண்டும். ஒவ்வொரு படியும் எங்கோ இருக்கும் ஓர் எந்திரத்தின் மறுமொழிக்குக் காத்து நிற்கிறது. குறுவை அறுவடையோ ஐப்பசி மழையோடு மல்லுக்கட்டுவது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் விதிப்படி நெல் கொள்ளப்படாது; விலக்கு வேண்டுமென்றால் தில்லி மனமிரங்க வேண்டும். சாலையோரம் கொட்டிய குவியலுக்கு ஒரு நாள் தாமதம் என்ன செய்யும் என்பதைக் கழனியில் இறங்கியவருக்குச் சொல்லத் தேவையில்லை.

இதைக் கேட்டால், 'வழங்கி 99 சதவீத நேரம் இயங்கியிருக்கிறது' என்ற விடை வருகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 7 மணி 12 நிமிடம். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை ஒரு முழு அலுவலக நாள் வழங்கி படுத்துக் கிடந்தாலும் 99 தவறாது! எவரும் தொடாத நள்ளிரவில் அது விழித்திருந்ததும் புண்ணியக் கணக்கில் சேர்கிறது. 'திட்டமிட்ட பராமரிப்பு' என்று பெயர் சூட்டிய நேரத்தைக் கணக்கிலிருந்தே கழித்துவிடும் ஒப்பந்தங்களும் உண்டு.

இந்த எண் பிறக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்னும் சிறு நிரல், 'இருக்கிறாயா?' என்று கேட்கும். எந்திரம் 'இருக்கிறேன்' என்னும். அவ்வளவே. உள்ளே தரவுத்தளம் உறைந்து கிடந்தாலும் 'இருக்கிறேன்' தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் இடையில் நேர்ந்த மூன்று நிமிட மயக்கம் பதிவாகாமலே போகலாம். கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒரே அறையில் ஒரே மின்சாரத்தில் வாழ்ந்தால், மின்சாரம் போகையில் இருவரும் சேர்ந்தே மௌனமாவர். மூடிய தனிவலைகளில் இது இன்னும் எளிது. வெளியிலிருந்து தட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. எல்காட் நடத்தும் மாநில வலையமைப்பு தலைமைச் செயலகம் முதல் வட்ட அலுவலகம் வரை நீள்வது. அத்தகைய வலையில் தலைமையிடத்து வழங்கியின் நாடியை மட்டும் பிடித்துப் பார்த்து உடல் முழுதும் நலம் என்பது என்ன வைத்தியம்?

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டது. ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. புயல் தொடாத சென்னையில் அப்போது ஒரு வழங்கி இடையறாது ஓடியிருந்தால் அதன் அறிக்கை 100 என்றே சொல்லும். பொய்யில்லை. பேராவூரணிக்காரருக்கு அதனால் என்ன பயன் என்றுதான் கேட்கிறோம்.

காவிரிக்கரை மக்களுக்கு இது புதுப் பாடமன்று. மேட்டூரில் 120 அடி நிரம்பியதென்று யாரும் வயலுக்கு நீர் வந்ததாகக் கொள்வதில்லை. கல்லணை திறந்த பிறகும் 'கடைமடைக்கு வந்ததா?' என்பதே கேள்வி. கரை நெடுகிலும் நடந்து பார்க்க லஸ்கர்கள் இருந்தார்கள் (இன்று எத்தனை பேரை விட்டுவைத்திருக்கிறோம் என்பது தனிக்கதை). அணையின் நீர்மட்டம், வரத்து, திறப்பு மூன்றும் நாள்தோறும் நாளிதழில் வருகின்றன. டீக்கடையில் அதைப் படித்துவிட்டு நாற்று விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார்கள். வழங்கி நிலவரம் என்று ஒரு வரியை எந்த நாளிதழிலும் நாம் கண்டதில்லை.

தனிவலையின் விவரத்தை வெளியிட்டால் பாதுகாப்புக் கெடும் என்பர். எந்திரத்தின் முகவரியையா கேட்டோம்? தலைஞாயிற்றிலோ சேதுபாவாசத்திரத்திலோ ஒரு கணினியை வைத்து, அலுவலக நேரத்தில் கால் மணிக்கொருமுறை ஒரு சோதனைப் பதிவை முதலிலிருந்து முடிவு வரை செய்து பார்த்து, முடிந்ததா, எத்தனை நொடியானது என்று கொள்முதல் நிலைய வாசல் பலகையில் எழுதிப் போடுங்கள். முடியாத நாளில் பழைய முறைப்படி தாளில் பதிந்துகொண்டு நெல்லை எடை போடுங்கள். அறுவடைக் காலம் தொடங்குமுன் இவ்விரண்டையும் செய்வதற்குத் தடை என்னவென்று உரியவர்கள் விளக்கட்டும்.